படகு இழுக்க எந்த பிக்கப் வாங்கலாம்? கதவோர ஸ்டிக்கரில் இருந்து ரேம்ப் வரை

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை காலை ஏழு மணி, டாலஸுக்கு வடக்கே லேக் லூயிஸ்வில். படகு இறக்கும் ரேம்ப்பில் ஒரு பிக்கப் மாட்டிக்கொண்டு நின்றது. பின்னால் இருபத்திரண்டு அடிப் படகு. பின்சக்கரங்கள் இரண்டும் தண்ணீர் தொடும் இடத்தில், பாசி படிந்த கான்கிரீட்டில் வழுக்கிச் சுழன்றன. ரப்பர் கருகும் வாடை. வண்டி முன்னால் வருவதற்குப் பதிலாக அரை அடி, ஒரு அடி என்று பின்னால் நழுவியது. ஓட்டியவரின் இரண்டு பிள்ளைகளும் மிதவைப் பாலத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு பேச்சில்லாமல் நின்றார்கள். கடைசியில் வரிசையில் காத்திருந்த ஒருவர் தன் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பட்டை கட்டி மேலே இழுத்துவிட்டார்.

மாட்டிக்கொண்டது சின்ன வண்டி அல்ல. 9,000 பவுண்டு இழுக்கும் என்று விற்கப்படும் வகைதான். படகும் டிரெய்லரும் சேர்ந்து 5,000 பவுண்டுகூட இருந்திருக்காது. பிறகு எங்கே பிழை? விளம்பரத்தில் இருக்கும் அந்த ஒரே எண்ணைப் பார்த்து வண்டி வாங்கியதுதான் பிழை.

டெக்சாஸில் படகு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் கண்ணெதிரே கூடிக்கொண்டே வருகின்றன. வார இறுதியில் லேக் டெக்சோமாவில் ஸ்டிரைப்பர் மீன் பிடிக்க, கோடையில் கால்வெஸ்டன் வளைகுடாவுக்குப் போக என்று ஆசை வருகிறது. படகைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் எடுப்பவர்கள், அதை இழுக்கும் வண்டியை ஒரே மதியத்தில் முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். என் முதல் பிக்கப்பில் படகைக் கோத்ததும் பின்பக்கம் அமுங்கி, முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன. இரவில் எதிரே வந்தவர்கள் எல்லோரும் ஹை பீம் அடித்துக் காட்டினார்கள். கதவோரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நான் அதுவரை படித்ததே இல்லை. ஒன்றரை வருடத்தில் நஷ்டத்துக்கு விற்று வேறு வண்டி வாங்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: படகின் உண்மையான எடையைக் கண்டுபிடியுங்கள்

வண்டியில் இருந்து தொடங்காதீர்கள். படகில் இருந்து தொடங்குங்கள். படகு இன்னும் வாங்கவில்லை என்றால், எந்த வகை, எத்தனை அடி என்பதையாவது முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிளேனோவில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வருடம் என்னிடம், "அண்ணா, படகு வெறும் 2,100 பவுண்டுதான். எதுக்கு பிக்கப் எல்லாம்?" என்று கேட்டார். படகு விற்பனைத் தாளில் இருக்கும் எடை வெறும் கூட்டின் எடை. பல நேரம் அதில் எஞ்சின்கூடச் சேராது. அவருடைய இருபத்தோரு அடி பே போட்டுக்கு, அதாவது வளைகுடாவில் மீன் பிடிக்கும் படகுக்கு, நாங்கள் உட்கார்ந்து போட்ட கணக்கு இது.

கூடு 2,100 பவுண்டு. பின்னால் தொங்கும் 150 குதிரைத்திறன் எஞ்சின் 480. பெட்ரோல் டாங்க் 50 கேலன். ஒரு கேலன் ஆறு பவுண்டு என்று வைத்தாலும் 300. பேட்டரி மூன்று, சுமார் 165. மீன் பிடிக்கும்போது படகை மெல்ல நகர்த்த முன்னால் இருக்கும் டிரோலிங் மோட்டார் 90. நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட், தூண்டில் பெட்டிகள், ஐஸ் பெட்டி எல்லாம் 300. அப்புறம் எல்லோரும் மறக்கும் ஒன்று, டிரெய்லர்: 1,050. மொத்தம் 4,485 பவுண்டு. 2,100 என்று நினைத்தது இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது.

தண்ணீர் இன்னும் கனமானது. ஒரு கேலன் 8.3 பவுண்டு. மீன் போடும் தொட்டியில் 30 கேலன் தண்ணீரோடு வீட்டுக்குக் கிளம்பினால் 250 பவுண்டு கூடுதல். ஜீப்ரா மசல் என்ற சிறு சிப்பி ஏரிக்கு ஏரி பரவாமல் இருக்க, கிளம்பும்போது படகில் உள்ள தண்ணீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும் என்று டெக்சாஸில் சட்டமே இருக்கிறது. வடிகட்டும் அடைப்பானைத் திறந்துவிடுங்கள். அடுத்த முறை படகை இறக்கும் முன் மறக்காமல் மூடுங்கள்.

படகு ஏற்கெனவே கையில் இருந்தால் கணக்கே வேண்டாம். பெரிய லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். இருபது டாலருக்குள் முடியும். முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில் என மூன்றையும் தனித்தனியாக நிறுத்து ஒரே சீட்டில் கொடுப்பார்கள். வண்டி இல்லாதவர் நண்பரின் டிரக்கைக் கேட்டு வாங்கி, டாங்க் நிரப்பி, ஐஸ் பெட்டியோடு போய் நிறுத்துப் பாருங்கள். பல ஆயிரம் டாலர் முடிவுக்கு அந்தச் சீட்டைவிட மலிவான ஆதாரம் கிடைக்காது.

கிடைத்த எண்ணோடு பதினைந்து முதல் இருபது சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். 4,485 என்றால் 5,200-க்கு மேல் என்று வைத்துத் தேடுங்கள். இரண்டு வருடத்தில் படகில் சாமான் கூடுமே தவிரக் குறையாது.

இரண்டாம் படி: ஓட்டுநர் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

முழுக் கட்டுரையையும் படிக்க நேரம் இல்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் காற்றழுத்தத்துக்கு மேலே ஒரு வரி: ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது. அதுதான் பேலோட். அதே மாடல் வண்டி எல்லாவற்றுக்கும் பொதுவான எண் அல்ல அது. உங்கள் கண் முன்னால் நிற்கும் அந்த ஒரு வண்டிக்கு மட்டும் போட்டது. கண்ணாடிக் கூரை, தானாக இறங்கும் படிக்கட்டு, சூடாகும் தோல் இருக்கை என்று வசதி கூடக்கூட வண்டியின் சொந்த எடை கூடும், பேலோட் குறையும். ஒரே பெயருள்ள வண்டியில் ஒன்றில் 1,900 என்றும் பக்கத்தில் நிற்பதில் 1,350 என்றும் இருக்கும். விலை அதிகமானது பெரும்பாலும் குறைவாகத்தான் தாங்கும்.

இதற்கும் படகுக்கும் என்ன தொடர்பு? வண்டியின் பின்னால் டிரெய்லரைக் கோக்கும் இணைப்புதான் ஹிட்ச். டிரெய்லரின் மூக்கு அதன் பந்தின் மேல் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தை டங் வெயிட் என்பார்கள். அது முழுக்க வண்டி முதுகில் ஏறும் சுமை. பேலோடில் இருந்துதான் கழியும். படகு டிரெய்லர்களில் எஞ்சின் பின்னால் இருப்பதால் பொதுவாக மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரும். மற்ற டிரெய்லர்களுக்கு 10 முதல் 15 சொல்வார்கள். நான் கணக்குப் போடும்போது 10 என்றே வைத்துக்கொள்வேன்.

நண்பரின் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். அவர் பார்த்து வைத்திருந்த பெரிய பிக்கப் 11,000 பவுண்டு இழுக்கும் வகை. ஸ்டிக்கரில் பேலோட் 1,450. அவர் 180 பவுண்டு, மனைவி 145, பிள்ளைகள் 120, 100, ஊரில் இருந்து வந்திருக்கும் அப்பா 150. ஆட்கள் மட்டும் 695. டங் வெயிட் 450. பந்தும் அதைத் தாங்கும் இரும்பும் 40. பின்தட்டில் ஐஸ் பெட்டி 100, தட்டு மூடி 60. கரையில் சமைக்க அடுப்பு, பிரியாணி அண்டா, கேஸ் சிலிண்டர், மடக்கு நாற்காலிகள், கூடாரம் எல்லாம் 150. கூட்டினால் 1,495. ஸ்டிக்கரை 45 பவுண்டு தாண்டிவிட்டது.

அந்த வண்டி இழுக்கும் என்று சொன்ன எடையில் பாதிகூட இல்லை அந்தப் படகு. ஆனாலும் வண்டி நிரம்பி வழிந்துவிட்டது. குடும்பத்தோடு படகு இழுப்பவருக்கு முதலில் தீர்வது பேலோட்தான், இழுவை அல்ல. நண்பர் அதே மாடலில் கண்ணாடிக் கூரை இல்லாத, ஸ்டிக்கரில் 1,820 போட்ட வண்டியை எடுத்தார். விலையும் குறைவு.

ஆகவே வண்டி விற்கும் லாட்டுக்குப் போனால் முதலில் விற்பனையாளரைத் தேடாதீர்கள். ஒவ்வொரு வண்டியாகக் கதவைத் திறக்கச் சொல்லி ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். இணையத்தில் பார்த்து வாங்குகிறீர்கள் என்றால், ஸ்டிக்கர் படத்தை அனுப்பிய பிறகே விலை பேசுங்கள். அதில் தொழிற்சாலையில் பூட்டியவை மட்டும்தான் கணக்கில் இருக்கும். பிறகு நீங்கள் பூட்டும் மூடி, கருவிப் பெட்டி எல்லாம் உங்கள் கணக்கில்தான் கழியும்.

டங் வெயிட்டை வீட்டிலேயே அளக்கலாம். குளியலறை எடைமெஷின் 300 பவுண்டோடு நின்றுவிடும் என்பதால் ஒரு பலகை வேண்டும். பலகையின் ஒரு முனையைச் செங்கல்லிலும் மறு முனையை எடைமெஷினிலும் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே மூன்று அடி இருக்கட்டும். செங்கல்லில் இருந்து ஒரு அடி தள்ளி, டிரெய்லர் மூக்கின் ஜாக்கைப் பலகை மேல் இறக்குங்கள். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் டங் வெயிட். டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டுச் செய்யுங்கள். எண் மிகக் குறைவாக வந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். மூக்கு லேசான டிரெய்லர் ஹைவேயில் வாலாட்டும். ஐஸ் பெட்டியைப் படகின் முன்பக்கம் நகர்த்தினாலோ, படகு வந்து முட்டும் வின்ச் கம்பத்தைச் சற்று முன்னால் தள்ளினாலோ கூடும்.

மூன்றாம் படி: விளம்பர எண் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இழுவை எண்ணைப் பொய் என்று சொல்லவில்லை. அதற்கு எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த ஜே2807 என்ற ஒழுங்கான சோதனை இருக்கிறது. 2011 மாடல் டன்ட்ராவோடு டொயோட்டாதான் இதை முதலில் ஏற்றது. மற்ற பெரிய நிறுவனங்கள் அதற்குப் பின் சில ஆண்டுகளில் ஏற்றன. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டுக்கொண்டிருந்தது. மிகப் பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

அரிசோனாவில் டேவிஸ் அணையில் இருந்து யூனியன் பாஸ் வரை ஏறும் 11.4 மைல் மலைச் சாலைதான் இந்தச் சோதனையின் அளவுகோல். 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏ.சி. முழு வேகத்தில், சாதாரண பிக்கப் என்றால் மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். படகுக்காரர்களுக்கு இன்னொரு பகுதிதான் முக்கியம்: 12 சதவீதச் சரிவில் நின்ற நிலையில் இருந்து முன்னாலும் பின்னாலும் ஐந்து ஐந்து முறை கிளம்பிக் காட்ட வேண்டும். படகு ரேம்ப்புகள் பொதுவாக 12 முதல் 15 சதவீதச் சரிவில் கட்டப்படுகின்றன. அதாவது இந்தச் சோதனை நம் ரேம்ப்புக்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் காய்ந்த தரையில்.

அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொன்று: வண்டியில் ஓட்டுநரும் ஒரு பயணியும், ஆளுக்கு 150 பவுண்டு என்று வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். நீங்கள் ஏற்றும் மூன்றாவது ஆள், பின்தட்டுச் சாமான் எல்லாம் அதில் இருந்து கழியும். வண்டி, டிரெய்லர், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து தாண்டக் கூடாத மொத்த எடைக்கு ஜி.சி.டபிள்யூ.ஆர். என்று பெயர். நிறுவனத்தின் டோயிங் கையேட்டில் எஞ்சின், ஆக்சில் வாரியாக அட்டவணை இருக்கும். அதில் இருந்து நிரம்பிய உங்கள் வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் நிஜமாக இழுக்கக்கூடியது. அந்தக் கையேட்டை இணையத்தில் இருந்து இறக்கி ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். விற்பனையாளரில் பாதிப் பேர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

நான்காம் படி: ஹிட்சுக்கு அடியில் குனிந்து பாருங்கள்

வண்டிக்குப் பின்னால் குனிந்தால், ஹிட்ச் கம்பியைச் செருகும் இரண்டு அங்குலச் சதுரக் குழாய் தெரியும். அதில் ஒரு லேபிள். பல பிக்கப்களில் அதில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். நேரடியாகப் பந்தில் கோத்தால் 5,000 பவுண்டு, டங் வெயிட் 500. எடையைப் பங்கிடும் சிறப்பு ஹிட்ச் போட்டால்தான் 10,000, 12,000 என்ற பெரிய எண்.

கேம்பர் என்ற, தங்கித் தூங்கும் டிரெய்லரை இழுப்பவர்கள் அந்தச் சிறப்பு ஹிட்சைப் போட்டுக்கொள்வார்கள். படகுக்காரருக்கு அது அவ்வளவு எளிதல்ல. படகு டிரெய்லரின் மூக்கு பெரும்பாலும் ஒற்றைத் தண்டாக இருக்கும். அதன் நுனியில் பிரேக்குக்கான கருவியும் உட்கார்ந்திருக்கும். பங்கிடும் கம்பிகளைப் பொருத்த இடம் இருக்காது, பொருத்தினாலும் சில வகை அந்தப் பிரேக்கின் வேலையைக் கெடுக்கும். ஆகவே உங்கள் படகு 5,000 பவுண்டைத் தாண்டுகிறது என்றால், நேரடியாகக் கோக்கும் வரிசையில் எவ்வளவு போட்டிருக்கிறது என்பதுதான் உங்கள் எல்லை. விளம்பரத்தில் 12,000 என்று பார்த்து வாங்கிவிட்டு, லேபிளில் 5,000 என்று பார்த்து அதிர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

பந்தின் அளவு சின்ன விஷயம், ஆனால் தவறினால் படகு சாலையில் போய்விடும். டிரெய்லர் மூக்கில் எந்த அளவு என்று பொறித்திருக்கும். நடுத்தரப் படகுகளுக்கு 2 அங்குலம், கனமானவற்றுக்கு இரண்டே ஐந்து பதினாறு அங்குலம். அதே அளவுதான் வாங்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காகப் போடுங்கள். மூக்கு கழன்றால் அந்தப் பெருக்கல் குறி அதைத் தாங்கும்.

ஐந்தாம் படி: நிற்பதைப் பற்றி யோசியுங்கள்

டெக்சாஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டும் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். பல மாநிலங்களில் எல்லை 3,000-தான். என்னைக் கேட்டால், எல்லைக்குக் கீழே இருந்தாலும் பிரேக் உள்ள டிரெய்லரே வாங்குங்கள். ஐ-35-இல் ஒருவர் சிக்னல் போடாமல் உங்கள் முன்னால் நுழையும்போது சட்டத்தின் எண் உதவாது.

படகு டிரெய்லரில் பெரும்பாலும் இருப்பது சர்ஜ் பிரேக். வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் தள்ளும் அல்லவா, அந்தத் தள்ளலே மூக்கில் இருக்கும் ஹைட்ராலிக் கருவியை அமுக்கி பிரேக் பிடிக்க வைக்கும். தண்ணீரில் முழுகி எழும் டிரெய்லருக்கு மின்சார பிரேக் சரிப்படாது என்பதால் இந்த ஏற்பாடு. ஆகவே விற்பனையாளர் கூடுதல் பணத்துக்கு விற்கும் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் உங்களுக்குத் தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சர்ஜ் பிரேக்குக்கு அது தேவை இல்லை. நாளைக்கு கேம்பரும் இழுப்பீர்கள் என்றால் வாங்கலாம்.

சர்ஜ் பிரேக்கில் ஒரு சிக்கல். ரேம்ப்பில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் வண்டி டிரெய்லரைத் தள்ளுகிறது. பிரேக் அதையும் நிறுத்தச் சொல்வதாக எடுத்துக்கொண்டு பூட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க டிரெய்லரில் ஒரு சிறு வால்வு, அதற்கு ஐந்தாவது வயர். வண்டியின் ரிவர்ஸ் விளக்குக்கு வரும் மின்சாரத்தில் அது திறந்துகொள்ளும். நான்கு முனை பிளக் மட்டும் உள்ள வண்டியில் அந்த வயருக்கு இடமே இல்லை. ஏழு முனை பிளக் உள்ள வண்டி வாங்கி, ஏழில் இருந்து ஐந்துக்கு மாற்றும் அடாப்டரைப் போட்டால் வேலை முடிந்தது.

டிரெய்லர் வாலாட்டத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறையவிடுங்கள்.

ஆறாம் படி: இப்போது வண்டியைத் தேடலாம்

கீழே சொல்லும் எண்கள் சரியான எஞ்சினும் டோயிங் பேக்கேஜும் இருந்தால் கிடைக்கும் உச்சம். உங்கள் வண்டிக்கு அது எவ்வளவு என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

மொத்தம் 2,000 பவுண்டுக்குள் அடங்கும் சிறிய அலுமினியப் படகு, ஜெட் ஸ்கீ என்றால் ஃபோர்டு மேவரிக் போதும். 2.0 லிட்டர் டர்போவும் பேக்கேஜும் இருந்தால் அது 4,000 வரை போகும்.

3,000 முதல் 4,500 வரை உள்ள படகுக்கு நடுத்தர பிக்கப். செவர்லே கொலராடோ 7,700, ஃபோர்டு ரேஞ்சர் 7,500, டொயோட்டா டகோமா 6,500. ஹோண்டா ரிட்ஜ்லைன் 5,000-தான், ஆனால் குடும்பத்துக்கு அதைவிடச் சொகுசான பிக்கப் கிடையாது. பாஸ் மீன் படகு ஒன்றை ஏரிக்கு எடுத்துப் போக நன்றாக இருக்கும். ஊரில் பார்த்த ஹைலக்ஸ் இங்கே ஏன் இல்லை என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். 1995-இல் அமெரிக்காவில் அதன் இடத்துக்கு வந்ததுதான் டகோமா. ரேஞ்சரை டோயிங் பேக்கேஜ் இல்லாமல் வாங்கினால் 7,500 என்பது 3,500 ஆகிவிடும். வெறும் ஹிட்ச் பூட்டியிருப்பதைப் பேக்கேஜ் என்று நம்பிவிடாதீர்கள். குளிர்விக்கும் ரேடியேட்டர் உள்ளிட்ட மற்றவையும் இருக்கின்றனவா என்று ஜன்னல் ஸ்டிக்கரில் பாருங்கள்.

4,500 முதல் 7,500 வரை என்றால் ஹாஃப் டன் எனப்படும் பெரிய பிக்கப். இந்த நாட்டில் படகு இழுக்கும் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு இதுவே சரியான இடம். எஃப்-150-இன் உச்சம் 13,500, சில்வராடோ 1500-இன் உச்சம் 13,300, டன்ட்ராவுடையது 12,000. இந்த எண்களை ஒப்பிட்டு நேரம் வீணாக்காதீர்கள், உங்கள் படகு அந்த உயரத்துக்குப் போகவே போகாது. கதவோர ஸ்டிக்கர், ஹிட்ச் லேபிள், இருக்கை வசதி, விலை, வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல மெக்கானிக் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

8,000 பவுண்டைத் தாண்டும் இரட்டை எஞ்சின் கடல் படகு என்றால் எஃப்-250, ராம் 2500 வகை. தயங்க வேண்டாம், ஹாஃப் டன்னைக் கொண்டு சமாளிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எலெக்ட்ரிக் பிக்கப்களுக்கு இழுக்கும் வலு தாராளமாக உண்டு. ஆனால் டிரெய்லரோடு ஓடும்போது ஓடும் தூரம் பாதிக்கு நெருக்கமாகக் குறையும். பல சார்ஜிங் நிலையங்களில் படகைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். பக்கத்து ஏரிக்கு சரி. டாலஸில் இருந்து கால்வெஸ்டன் என்றால் நான் எடுத்துப் போக மாட்டேன்.

எஞ்சின் பற்றி ஒரு வார்த்தை. குதிரைத்திறனைவிடக் குறைந்த சுழற்சியில் கிடைக்கும் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசை, ரேம்ப்பில் அதிகம் உதவும். எஃப்-150-இன் 3.5 லிட்டர் டர்போவும் 5.0 லிட்டர் வி8-உம் இரண்டுமே 400 குதிரைத்திறன்தான். டார்க்கில் முன்னது 500, பின்னது 410. வி8-இன் சத்தம் எனக்கும் பிடிக்கும், ஆனால் இழுக்க நான் டர்போவையே எடுத்தேன். பின் ஆக்சில் விகிதத்தையும் பாருங்கள்: 3.31, 3.55, 3.73 என்று வரும். எண் பெரிதானால் இழுவை கூடும், மைலேஜ் சற்றுக் குறையும். கண்ணுக்குத் தெரியாத இந்த ஒரு எண் இழுவை அளவை ஆயிரக்கணக்கான பவுண்டு மாற்றிவிடும்.

ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா? கட்டாயம் இல்லை என்று பலர் சொல்வார்கள். நான் வேண்டும் என்பேன். படகை ஏற்றும்போது பின்சக்கரங்கள் நிற்பது பாசியில். முன்சக்கரங்கள் நிற்பது காய்ந்த கான்கிரீட்டில். பிடிமானம் இருக்கும் சக்கரத்துக்குச் சக்தி போக வேண்டும், அவ்வளவுதான். நான்கு சக்கரமும் குறைந்த கியரில் சுழலும் ஃபோர் லோவில் போட்டால் ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே மெல்ல ஏறும். ஆஸ்டின் பக்கம் லேக் டிராவிஸில் வறட்சிக் காலத்தில் தண்ணீர் வெகுவாக இறங்கிவிடும். மிஞ்சிய ஒன்றிரண்டு ரேம்ப்பில் கூட்டம் கூடும். அப்போது ஃபோர் லோ உள்ளவர் நிம்மதியாக ஏறிப் போவார். மேலே சமதளத்துக்கு வந்ததும் மறக்காமல் டூ வீலுக்கு மாற்றுங்கள்.

நீளத்தை அளந்துகொண்டு போங்கள். நான்கு கதவும் ஐந்தரை அடித் தட்டும் உள்ள பெரிய பிக்கப் பத்தொன்பது அடியைத் தாண்டும். பல வீடுகளின் கராஜ் ஆழமே இருபது அடிதான். அலமாரி வைத்திருந்தால் கதவு மூடாது.

பழைய வண்டி என்றால் கூடுதலாக ஒன்று

கடற்கரைப் பக்கத்து வண்டியா என்று கேளுங்கள். உப்புத் தண்ணீர் ரேம்ப்பில் வருடக்கணக்காகப் பின்பக்கம் நனைந்த வண்டி, மேலே பளபளவென்று இருக்கும். டார்ச் அடித்துப் பின் ஆக்சில், பிரேக் குழாய்கள், ஹிட்ச் பூட்டிய போல்ட்டுகள், ஸ்பேர் டயருக்கு மேலே உள்ள சட்டம் எல்லாவற்றையும் பாருங்கள். ஏழு முனை பிளக்கின் மூடியைத் திறங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால் வயர் முழுவதும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். டிரான்ஸ்மிஷன் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

படகைக் கோத்து ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். கொடுக்காவிட்டால், குடும்பம் முழுவதையும் ஏற்றியாவது ஓட்டிப் பாருங்கள். பின் கண்ணாடிகளில் படகின் இரண்டு பக்கமும் தெரியுமா? படகின் அகலம் எட்டரை அடி என்றால் டோயிங் கண்ணாடி தேவைப்படும். பிறகு மாற்றுவது செலவு. காப்பீட்டு ஏஜென்ட்டிடம், இழுத்துப் போகும்போது படகுக்கு ஆகும் சேதத்தை யார் கொடுப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வண்டியின் காப்பீடு படகின் சேதத்தையும் தரும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வண்டி வந்ததும் நேராக ஏரிக்குப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலியான ஒரு பார்க்கிங் இடத்துக்கு டிரெய்லரோடு போங்கள். கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் வையுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். வீட்டில் ஓட்டத் தெரிந்த எல்லோரும் பழகுங்கள். ரேம்ப்பில் ஒருவர் படகிலும் ஒருவர் வண்டியிலும் இருந்தாக வேண்டும். என் மனைவி என்னைவிட நேராக ரிவர்ஸ் எடுப்பார், அதனால் எங்கள் வீட்டில் படகு என் வேலை, வண்டி அவர் வேலை.

ரேம்ப்பில் வண்டியை நிறுத்தும் முறை ஒன்று உண்டு. கால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலில் போடுங்கள். பார்க்கிங் பிரேக்கை இழுங்கள். காலை மெல்ல எடுத்து, வண்டி அசையவில்லை என்று பார்த்த பிறகு பார்க்கில் போடுங்கள். அப்போதுதான் முழு எடையும் பார்க்கிங் பிரேக்கில் நிற்கும். கியருக்குள் இருக்கும் சின்னப் பல்லில் தொங்காது. கயிறு கட்டிய முட்டுக்கட்டை ஒன்றைச் சக்கரத்துக்குப் பின்னால் வையுங்கள், கிளம்பும்போது கயிற்றைப் பிடித்து எடுத்துக்கொள்ளலாம்.

ஏரிக்குப் போய்ச் சேர்ந்ததும் டிரெய்லர் சக்கரத்தின் நடுவே, அச்சு முனையில் கை வைத்துப் பாருங்கள். சுட்டால் காத்திருங்கள். சூடான அச்சைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தண்ணீரை பேரிங்குக்குள் இழுத்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் கயிறுகளை அவிழ்க்கலாம், பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டலாம், பின்பக்க அடைப்பான் மூடியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்க்கலாம்.